மலையேறிய வானொலி – 17: ஐம்பது எப்படி நாற்பத்தேழானது?

சென்ற வாரம் வரை: 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் தந்தித் துறையின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். போர்க்காலத் தேவைக்காகப் பிறந்த 'சீக்' வானொலி 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1950 செப்டம்பர் 30ஆம் திகதி வர்த்தக சேவையும் ஆரம்பமாகிவிட்டது.

டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் துரைமார் பங்களாக்களில் பாடிக்கொண்டிருந்த வால்வு ரேடியோக்கள் மூப்படைந்து, திருத்துவதற்கு மேசையேறத் தொடங்கிய காலத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். கூடவே ஒரு புதிரும் இருந்தது.

பெட்டியைத் திறந்தால் கருகிக் கிடப்பது 50,000 ஓம் ரெசிஸ்டர். கொழும்பிலிருந்து ரயிலில் வந்த புதிய சாமானில் 50,000 என்று ஒன்றுகூட இல்லை. கிடைப்பது 47,000.

அந்த மூவாயிரம் எங்கே போனது?

* * *

பச்சை உடம்பு, கறுப்பு நுனி

போருக்கு முந்திய ரேடியோவில் ரெசிஸ்டரைப் படிப்பதே ஒரு தனி வித்தை. இன்றுபோல் வரிசையான வளையங்கள் அப்போது எல்லாவற்றிலும் இல்லை. உடம்பின் நிறம் முதல் இலக்கம், ஒரு நுனியின் நிறம் இரண்டாவது இலக்கம், நடுவிலுள்ள பொட்டு எத்தனை பூச்சியம் என்பதைச் சொல்லும்.

பச்சை உடம்பு, கறுப்பு நுனி, செம்மஞ்சள் பொட்டு என்றால் ஐந்து, பூச்சியம், பிறகு மூன்று பூச்சியங்கள். ஐம்பதாயிரம் ஓம்.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த எண்கள் பெரும்பாலும் இப்படி முழு எண்கள்தான்: 50,000, ஒரு லட்சம், இரண்டரை லட்சம், ஐந்து லட்சம். வடிவமைத்தவர் வாய்க்கு வந்த எண்ணைக் கேட்டார், தொழிற்சாலை அந்த எண்ணைப் பொறித்துக் கொடுத்தது.

புதிதாக வந்தவை மஞ்சள் உடம்பும் ஊதா நுனியுமாக இருந்தன. நான்கு, ஏழு. மறு நுனியில் ஒரு வெள்ளிப் பூச்சு வேறு.

இந்த வாரக் கதை முழுக்க அந்த வெள்ளிப் பூச்சைப் பற்றியதுதான்.

* * *

கரிப்பொடியின் பிடிவாதம்

அக்காலத்து ரெசிஸ்டர் என்பது கரிப்பொடியையும் மின் கடத்தாத ஒரு பொடியையும் பிசினோடு கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் வேகவைத்த சிறு குச்சி. கரி கூடினால் தடை குறையும். கரி குறைந்தால் தடை ஏறும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

செய்யும்போது அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கலவையில் ஒரு சிட்டிகை, அழுத்தத்தில் கொஞ்சம், சூளையின் வெப்பத்தில் கொஞ்சம் என்று எங்கு பிசகினாலும் எண் மாறிவிடும். ஒரே கலவை, ஒரே அச்சு, ஒரே நாள். ஆனாலும் வெளியே வரும் ஆயிரம் குச்சிகளில் ஒன்று 43,000 காட்டும், இன்னொன்று 55,000 காட்டும்.

ஆகவே தொழிற்சாலை ஐம்பதாயிரத்தைச் 'செய்யவில்லை'. ஐம்பதாயிரத்தைக் குறிவைத்தது. வந்ததை அளந்தது. எவ்வளவு தள்ளிப்போனது என்பதைப் பார்த்துத் தரம் பிரித்தது.

குறியிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் தங்க நிறம். பத்துக்குள் என்றால் வெள்ளி. ஒன்றும் பூசாமல் விட்டால் இருபது சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று பொருள். பொறித்த எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் நடுவே அனுமதிக்கப்பட்ட இந்த இடைவெளியைத்தான் டாலரன்ஸ் என்கிறார்கள்.

கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். பூச்சில்லாத பழைய 50,000 என்பது உண்மையில் 40,000க்கும் 60,000க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். வெள்ளி பூசிய 47,000 என்பது 42,300க்கும் 51,700க்கும் இடையில். புதியதில் எதைக் கையில் எடுத்தாலும் அது பழையதன் எல்லைக்குள்தான் வந்து விழுகிறது.

மூவாயிரம் எங்கும் போகவில்லை. பழைய ரெசிஸ்டரின் உண்மை மதிப்பே 47,000 ஆக இருந்திருக்கலாம். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவே.

இரண்டரை லட்சத்துக்கு மாற்றுப் போடும்போதுதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2,20,000 இருக்கிறது, 2,70,000 இருக்கிறது. வெள்ளி பூசிய 2,20,000 கீழே 1,98,000 வரை இறங்கும். பழைய எல்லை இரண்டு லட்சத்தோடு நின்றுவிடுவதால் அது மயிரிழையில் வெளியே போகிறது. 2,70,000 முழுவதும் உள்ளேயே அடங்குகிறது. கேள்வி வந்தால் பெரியதைப் போடுவதே மேல்.

* * *

சல்லடையில் தங்கியது

சரி, மாற்றுப் போடலாம். ஆனால் நல்ல முழு எண்ணை விட்டுவிட்டு ஏன் இப்படி அரைகுறை எண்கள்? 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. பேருந்து இலக்கங்கள் மாதிரி ஒரு வரிசை.

டிக்கோயாவில் இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்குள் போனால் போதும். பி.ஓ.பி. தூளை மட்டும் தனியாகச் செய்யும் யந்திரம் எந்த ஸ்டோரிலும் இல்லை. கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்த பிறகு எல்லாம் சல்லடைக்குப் போகிறது. ஒரு கண்ணில் தங்குவது பி.ஓ.பி., அடுத்ததில் பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். கண்களின் அளவை அடுத்தடுத்து ஒழுங்காக அமைத்திருப்பதால் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு பெயர் கிடைக்கிறது, ஒரு விலையும் கிடைக்கிறது.

ரெசிஸ்டர் தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டதும் அந்த மாதிரி ஒரு சல்லடைதான். சூளையிலிருந்து எந்த எண்ணோடு குச்சி வந்தாலும் அது ஏதாவது ஒரு பெயருக்குள் விழவேண்டும். எதற்குள்ளும் விழாததைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

இருபது சதவீத வரிசையைப் பாருங்கள்: 10, 15, 22, 33, 47, 68. பத்தின் மேல் எல்லை 12. பதினைந்தின் கீழ் எல்லையும் 12. இருபத்திரண்டின் மேல் எல்லை 26.4. முப்பத்து மூன்றின் கீழ் எல்லை, சொல்லிவைத்தாற்போல, 26.4. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. மற்ற இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக்கிடக்கிறது. இடைவெளி எங்கும் இல்லை.

விலகலைப் பத்து சதவீதமாகக் குறைத்தால் வலைக்கண் சிறுக்கிறது. ஆறு எண்கள் போதாது, பன்னிரண்டு வேண்டும். ஐந்தாகக் குறைத்தால் இருபத்து நான்கு. எத்தனை எண்கள் என்பதை நிர்ணயித்தது டாலரன்ஸ்தான்.

(வரிசையை நுணுக்கிப் பார்க்கும் வாசகர் ஒரு பிசகைக் கண்டுபிடிப்பார். பத்து சதவீதத்தில் 22இன் மேல் எல்லை 24.2, 27இன் கீழ் எல்லை 24.3. நடுவில் ஓர் இழை திறந்து கிடக்கிறது. சரியான பெருக்கல் கணக்கின்படி அந்த இடத்தில் வரவேண்டியது 26. அதேபோல 33க்குப் பதில் 32, 39க்குப் பதில் 38, 47க்குப் பதில் 46. இருபத்திரண்டை ஒன்றரையால் பெருக்கி யாரோ முதலில் 33ஐப் பிடித்துவிட, அக்கம்பக்கத்து எண்கள் அதை ஒட்டி நகர்ந்தன என்பது என் ஊகம்.)

அமெரிக்காவின் ரேடியோ உற்பத்தியாளர் சங்கம் 1936இலேயே இப்படியான ஒரு வரிசையை ஏற்றுக்கொண்டது. உடனே எல்லாரும் மாறிவிடவில்லை. பழைய முழு எண்கள் இன்னும் பல வருடம் புழக்கத்தில் இருந்தன.

மாற்றத்தை விரட்டியது போர். கப்பலிலும் விமானத்திலும் பழுதான கருவிக்கு எந்தத் தொழிற்சாலையின் உதிரியும் பொருந்த வேண்டும் என்ற நிலை வந்தபோது, அமெரிக்க, பிரிட்டிஷ் இராணுவக் கொள்வனவு பொது அளவைக் கட்டாயமாக்கிற்று. போர் முடியும்போது பல தொழிற்சாலைகளின் பெட்டி, லேபிள், விலைப்பட்டியல் எல்லாமே பன்னிரண்டு எண் வரிசைக்குப் பழகியிருந்தன.

* * *

ஸ்டாக்ஹோம், 1948

1948. இந்தத் தொடரின் வாசகர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெப்ரவரி 4இல் சுதந்திரம். ஆண்டு முடிவதற்குள் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு கையெழுத்தில் நாடற்றவர்களானார்கள்.

அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் பன்னிரண்டாம் தொழில்நுட்பக் குழு கூடியது. வானொலித் தொடர்பு அதன் பொறுப்பு. போருக்குப் பிந்திய உலகில் எதை முதலில் தரப்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது.

ஒருமனதாக வந்த பதில்: ரெசிஸ்டர்களுக்கும் சிறிய கண்டென்சர்களுக்கும் உரிய எண்களின் வரிசை. மிக அவசரமானவற்றில் அதுவும் ஒன்று என்றார்கள்.

மேசைமேல் இரண்டு வரிசைகள் இருந்தன.

ஒன்றுக்கு எழுபது வயது. பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் சார்ல்ஸ் ரெனார்ட் 1870களில் இராணுவப் பலூன்களுக்கான கயிறுகளைப் பார்த்து மலைத்துப்போனார். 425 பருமன்களில் கயிறுகள் கையிருப்பில் இருந்தன. பெருக்கல் விகிதத்தில் அடுக்கிப் பார்த்து அதைப் 17 ஆகக் குறைத்துவிட்டார். அந்த யுக்தியிலிருந்து வளர்ந்தவைதான் ரெனார்ட் வரிசைகள். பொறியியல் உலகின் மற்றத் துறைகள் அவற்றைப் பொது அளவாக ஏற்கத் தொடங்கியிருந்தன. பத்துப் படி கொண்ட வரிசை இது: 10, 12.5, 16, 20, 25, 31.5, 40, 50, 63, 80.

மற்றொன்று ரேடியோத் தொழிற்சாலைகள் தாமாகப் பழகிக்கொண்ட பன்னிரண்டு படி.

ரெனார்டின் வரிசையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அதில் 50 இருக்கிறது. 25 இருக்கிறது. அது வென்றிருந்தால் பழைய ஐம்பதாயிரமும் இரண்டரை லட்சமும் ஐந்து லட்சமும் உயிரோடு இருந்திருக்கும். திருத்தும் மேசையில் புதிரே எழுந்திருக்காது.

குழுவின் மனமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆணி முதல் அணைக்கட்டு வரை ஒரே வரிசை என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை?

விசாரித்துப் பார்த்தார்கள். சில நாடுகளில் பன்னிரண்டு படி வரிசை வியாபாரத்தில் ஆழமாக வேர்விட்டிருந்தது. அங்கே இனி மாற்றவே முடியாது என்று பதில் வந்தது. பொது வரிசையை ஏற்க முடியாமற் போனதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, குழு தொழிற்சாலைகளின் வரிசையையே முன்மொழிந்தது. 1950இல் பாரிஸில் அது ஏற்கப்பட்டது. 1952இல் 63ஆம் இலக்க வெளியீடாக அச்சேறியது. ஈ-6, ஈ-12, ஈ-24 என்ற பெயர்களில் இன்றுவரை நடப்பில் இருப்பது அதுதான்.

வழக்கம் வென்றது, கணிதம் தோற்றது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

ரெனார்டின் பத்துப் படியில் பத்து சதவீதக் குச்சிகளைச் சலித்துப் பாருங்கள். 10இன் மேல் எல்லை 11. அடுத்த 12.5இன் கீழ் எல்லை 11.25. இரண்டுக்கும் நடுவில் விழுந்த குச்சிக்குப் பெயரே கிடையாது. ஒவ்வொரு படியிலும் இதே ஓட்டை. நல்ல நிலையில் வெளிவந்த சரக்கில் ஒரு பங்கைக் கொட்ட வேண்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் கயிற்றைக் கேட்ட பருமனில் திரிக்கலாம். கரிப்பொடியிடம் அப்படிக் கேட்க முடியாது. பன்னிரண்டு படியைப் பிடித்துக்கொண்ட தொழிற்சாலைக்காரர்கள் பிடிவாதக்காரர்களாக இருக்கலாம், ஆனால் தங்கள் சரக்கின் குணத்தை அறிந்தவர்கள்.

* * *

வெள்ளிப் பூச்சு சொல்லாதது

ஸ்டாக்ஹோமில் எடுத்த முடிவு உதிரிகளாக மலையேறியபோது அங்கே காத்திருந்தது மழை.

தென்மேல் பருவக்காற்று மே மாதம் ஹட்டன் மலைகளில் மோதத் தொடங்கினால் மாதக்கணக்கில் ஓயாது. இலங்கையிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்றான வட்டவளை, ரயிலில் ஹட்டனுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. டிக்கோயாவில் பெட்டிக்குள் மடித்து வைத்த கம்பளியே ஈரம் குடிக்கும்.

கரிக் குச்சியும் குடிக்கும். ஈரம் ஏறினால் அதன் தடை மெல்ல மெல்லக் கூடும். மூப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். வெள்ளி நுனி சொல்வது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் கதையை. சில மழைக்காலங்கள் கடந்தபின் அது பத்து சதவீதத்தைத் தாண்டி எங்கோ போயிருக்கும்.

ஆனாலும் ரேடியோ பாடியது. எப்படி?

வால்வு ரேடியோவைக் கட்டியவர்கள் இந்தத் தளர்வை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருந்தார்கள். வால்வின் கிரிட்டில் தொங்கும் பத்து லட்சம் ஓம், எட்டு லட்சமானாலும் பன்னிரண்டு லட்சமானாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. கதோட்டில் இருக்கும் ரெசிஸ்டர் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதன் தடை கூடினால் வால்வின் மின்னோட்டம் குறையும், மின்னோட்டம் குறைவதால் அதன் மேல் விழும் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறாது. தவறு தன்னையே பாதி திருத்திக்கொள்ளும்.

நிலையத்தைப் பிடிக்கும் பகுதியில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. அங்கே ஒன்று, இரண்டு சதவீத வெள்ளி-மைக்கா கண்டென்சர்கள். அதற்கும் மிஞ்சிய பிசகைச் சரிசெய்ய டிரிம்மர்கள், அதாவது திருகிக் கொடுப்பதற்கு ஒரு சிறு திருகாணி. எதைக் கணக்கில் பிடிக்க முடியவில்லையோ அதைக் கையால் பிடித்தார்கள்.

உண்மையில் மலையில் ரேடியோவைக் கொன்றது பெரும்பாலும் ரெசிஸ்டர் அல்ல, மெழுகுக் காகிதக் கண்டென்சர். ஈரம் புகுந்தால் அது ஒழுகும். முந்திய வால்வின் உயர் மின்னழுத்தம் அதன் வழியாகக் கசிந்து ஒலி வால்வின் கிரிட்டில் ஏறும். குரல் கரகரக்கும், வால்வு கொதிக்கும், கடைசியில் அது செத்துப்போகும். புதிய வால்வைப் போட்டுவிட்டு அந்தக் கண்டென்சரை மாற்றாமல் விட்டவரிடம் அதே பெட்டி மறுபடியும் வந்து சேரும். அதிலும் இப்போது 0.05க்குப் பதில் 0.047, 0.02க்குப் பதில் 0.022. புதிய எண்கள் அங்கும் புகுந்துவிட்டன.

* * *

லயத்துக்கு எப்போது?

இதுவரை பேசியதெல்லாம் மின்சாரம் இருந்த பங்களாவின் கதை, அல்லது பட்டணத்துத் தேநீர்க்கடையின் கதை.

டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே லக்ஷபான நீர்மின் யோசனையைப் பொறியியல் சங்கத்தின் முன் வைத்தார். அது நிறைவேற 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கமிருந்து இறங்கிவரும் கெஹெல்கமு ஓயாவின் தண்ணீர் நோர்ட்டன்பிரிட்ஜில் மறிக்கப்பட்டு மின்சாரமாகி, கம்பிவழியே கொழும்புக்குப் போனது. அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர் லயக் காம்பராக்களில் குப்பி விளக்குத்தான்.

அங்கே ரேடியோ வைப்பதென்றால் பற்றரிப் பெட்டிதான் வழி. வால்வுகளுக்கு 90 வோல்ட் உயர் அழுத்தப் பற்றரி, இழையைச் சூடாக்க 1.5 வோல்ட் வேறு. அந்த 90ம் பெயருக்குத்தான். பாடப்பாட அறுபதுக்குப் பக்கம் இறங்கிய பிறகே தூக்கி எறிவார்கள். அதன் விலை கொழுந்து பறிப்பவரின் கூலிக்கு எட்டாது.

இதற்கிடையில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1947 டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டர் வளர்ந்துகொண்டிருந்தது. 1954 அக்டோபரில் அதைக்கொண்டு செய்த முதல் சட்டைப்பை ரேடியோ அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானில் சோனி. சூடாக்க இழை வேண்டாம், 90 வோல்ட் வேண்டாம், டோர்ச் லைட்டுக்குப் போடும் பற்றரி நாலு போதும். லயத்துக்குள் வானொலி நுழையக் கதவு திறந்துவிட்டது.

ஆனால் அந்தக் கதவில் ஒரு சிக்கல் தொங்கியது.

ரெசிஸ்டராவது தன் பிசகை நுனியில் பூசிக்கொண்டு வந்தது: பத்துக்குள், இருபதுக்குள் என்று. புதிய டிரான்சிஸ்டர் அதுகூடச் சொல்லவில்லை. ஒரே எண் பொறித்த, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டில், ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு பெருக்கும். போதாக்குறைக்கு, கொஞ்சம் வெயில் பட்டாலே அதன் குணம் மாறிவிடும்.

இருபது சதவீதத்தைச் சமாளிக்கவே ஸ்டாக்ஹோம் வரை போக வேண்டியிருந்தது. நூறு சதவீதம் விலகும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான ரேடியோக்களை ஒன்றுபோல் பாட வைத்தது எப்படி? அதில் ஒன்று டிக்கோயாவில் பழுதானால், எந்த டிரான்சிஸ்டரைப் பிடுங்கி எதைப் போடுவது?

(அடுத்த வாரம்)